'ஸ்வாலோ'வுக்கு ஐந்து புள்ளி

பசை காய்ச்சும் நாட்களில் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அந்த வாடை தொண்டையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்றும் அப்படித்தான். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், எனக்கு இதை எழுத நேரம் கிடைத்தது.

முதலாளியம்மா, அட்டைகளில் புள்ளிகள் எப்படித் தப்பாக விழுந்தன என்று ஆளுக்கு ஒரு தாள் எழுதித் தரச் சொன்னீர்கள். டப்பா மடிக்கும் சித்தி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டு, மிச்சத் தாளைக் கிழித்து மளிகைப் பட்டியல் எழுதிக்கொண்டார். என்னுடையது கொஞ்சம் நீளும். எனக்குப் பேசத்தான் வராது.

இந்தத் தாள் வேறு யார் கைக்காவது போகலாம் என்பதால் நம் பெட்டியைப் பற்றி இரண்டு வரி. ஒரு பெட்டியில் ஆயிரத்து இருநூறு அட்டைகள். அட்டையின் தலையில் ஓர் ஆங்கிலச் சொல். அதன் கீழே அதை எப்படி உச்சரிப்பது என்று நம் எழுத்தில். அதற்கும் கீழே பொருள். வலது மூலையில் புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் மிக எளிது. ஐந்து என்றால் தலைகீழாக நின்றாலும் வராது.

சொல்லும் பொருளும் உச்சரிப்பும் சாருடைய வேலை, நாங்கள் அவரைப் புள்ளி சார் என்போம். புள்ளிகளையும் முதலில் அவர்தான் வைத்தார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க படிச்சவரு. எது கஷ்டம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒண்ணும் தெரியாத ஆளைக் கூப்பிட்டு வச்சுக் கேளுங்க" என்றீர்கள். சார் பென்சிலைக் கடித்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சித்தி என்னைக் கைகாட்டினார்.

"இந்தா இருக்காளே பூனை. எட்டாங்கிளாசோட நின்னவ. இவளைவிடத் தெரியாத ஆளு எங்க கிடைப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

என்னைப் பேச வைக்க முடியாது என்று தெரிந்ததும் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் அட்டையைக் காட்டிச் சொல்லை வாசிப்பார். நான் விரல் காட்ட வேண்டும். நன்றாகத் தெரிந்தால் ஒன்று. யோசித்தால் வரும் என்றால் இரண்டு, மூன்று. பொருளைச் சொன்ன பிறகும் மண்டையில் ஏறவில்லை என்றால் ஐந்து. நான் காட்டுவதை அவர் அப்படியே பதிவார். விளம்பரத்தில்கூட 'படிப்பைப் பாதியில் விட்டவரே மதிப்பிட்டது' என்று போட்டீர்கள். அதை வெட்டி என் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அச்சில் வந்த என் முதல் வேலை அது.

ஆனால் நான் பள்ளியை விட்டது படிப்பு ஏறாமல் அல்ல. காலையில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல வேண்டும். என் வாய் திறக்கும், சத்தம் வராது. இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தபடியே நாற்பத்தொரு நாள் நான் பள்ளிக்கு வராதவளாக இருந்தேன். நாற்பத்திரண்டாம் நாள் நிஜமாகவே போகவில்லை. பதிவேட்டில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

இங்கே சேர்ந்த பிறகு, அச்சில் கோணலாக விழுந்து கழிக்கப்படும் அகராதித் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதை நீங்கள் திருட்டு என்று எழுதிக்கொண்டாலும் சரி. அந்தச் சொற்களை எல்லாம் குறிப்பேடுகளில் எழுதினேன். பதினேழு குறிப்பேடுகள் ஆயின. மெத்தைக்கு அடியில் இருந்தன. அக்கா வேலைக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைப்பேன். என் உதடுகளுக்கு எல்லாம் தெரியும். தொண்டைக்குத்தான் தெரியாது.

ஆகவே அன்று சார் முதல் அட்டையைக் காட்டி, நான் கையைத் தூக்கியபோது, எனக்குக் கிறுகிறுவென்று வந்தது. பள்ளியில் ஒருநாளும் தூக்காத கை. அதைப் பார்த்து ஒரு படித்த மனிதர் குனிந்து எழுதுகிறார். நான் இரண்டு விரல் காட்டினால் அந்தச் சொல்லுக்கு இனி எல்லா ஊரிலும் இரண்டு. ஊஞ்சலில் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்பது மாதிரி இருந்தது. முதல் வாரம் முழுக்க நான் நேர்மையாகவே காட்டினேன். அதாவது, ஒன்றும் தெரியாத பெண் எப்படிக் காட்டுவாளோ அப்படி. அதற்கே தனித் திறமை வேண்டும்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் நாங்கள் இருவர். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள், அப்போது சலவைக் கடையில் இஸ்திரி போட்டாள். அவளிடம் மட்டும் எனக்குக் குரல் வரும், அதுவும் கிசுகிசுப்பாக. மற்ற இடத்தில் எல்லாம் என் வாய் அவள்தான். தையல்காரரிடம் என் அளவைச் சொல்வாள். மருத்துவரிடம் என் வயிற்று வலியை, என்னைவிட நன்றாக, முகத்தைச் சுளித்துக் காட்டிச் சொல்வாள். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால், "யோவ், அது கால்யா, படிக்கட்டு இல்ல" என்பாள். வலி எனக்கு, சத்தம் அவளுக்கு. நல்ல ஏற்பாடு.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எண்ணை நம்புவாள். எனக்குப் பத்து வயதில் அவள் பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா வைத்தார்கள். புறப்படும் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. காய்ச்சல் மானியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். தொண்ணூற்றொன்பது இருந்தது. நூற்றிரண்டு என்றேன். கட்டியிருந்த பையை அப்படியே வைத்துவிட்டுப் படுத்தாள். சாயங்காலம் அவளுக்கு நிஜமாகவே பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. இரண்டு நாளும் அவள் காலைப் பிடித்துவிட்டேன். அவளும் "நீ இல்லன்னா நான் என்னடி ஆயிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான இரண்டு நாட்கள் அவை.

நான் விரல் காட்டத் தொடங்கிய இரண்டாம் வாரம் அக்கா ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள். வெளிநாட்டில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள். கை பிடித்து நடக்க வைக்க, சாப்பாடு ஊட்ட, குளிப்பாட்ட. ஆங்கிலத்தில் ஒரு நேர்காணல், அவ்வளவுதான். பயிற்சி வகுப்பு நடத்தும் ஏஜென்சிக்காரர், நம் பெட்டி வந்ததும் அதை வாங்கிப் படித்தால் போதும் என்று சொல்லியிருந்தார்.

"மூணு புள்ளி வரைக்கும் போதுமாம்டி. நாலும் அஞ்சும் கலெக்டருக்குப் படிக்கிறவங்களுக்காம். நாம எதுக்கு அதைத் தொடணும்? நான் போறேன், ஒரு வருஷத்துல உன்னையும் கூப்பிட்டுக்கறேன். அதுவரைக்கும் தனியா இருந்துக்க மாட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவளை நினைத்துத்தான் பயமாக இருந்தது. அவளுக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை.

மறுநாள் சார் 'ஸ்வாலோ' என்று வாசித்தார். விழுங்கு. மிக எளிய சொல், உச்சரித்தாலே தொண்டை அதைச் செய்துவிடும். நான் ஐந்து விரல் காட்டினேன்.

"ஏம்மா, தெனமும் சாப்பிடுறப்ப செய்யுறதுதானே?" என்று சார் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, குரல்வளை ஏறி இறங்குவதை விரல் வைத்துக் காட்டினார். பாவம், மூன்று தடவை காட்டினார். நான் மாடு ரயிலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"சரி விடு, அஞ்சு" என்று பதிந்துகொண்டார்.

அப்புறம் 'டிஸ்ஸி', தலைசுற்றல். ஐந்து. 'இட்ச்', அரிப்பு. ஐந்து. 'நம்ப்', மரத்துப்போன. ஐந்து. 'லீன்', சாய்ந்துகொள். அதற்கு நான்கு கொடுத்தேன், எல்லாமே ஐந்தாக இருந்தால் சந்தேகம் வரும். ஒரு கிழவரோ கிழவியோ ஒரு நாளில் எதை எல்லாம் சொல்வார்கள் என்று யோசித்து யோசித்துக் காட்டினேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் கீழே இருப்பதை மேலே தூக்கினால் மட்டும் போதாது, கீழே காலியாகிவிடும். அதனால் மேலே இருந்ததைக் கீழே இறக்கினேன். சார் 'மேக்னானிமஸ்' என்றதும் ஒரு விரல் காட்டினேன்.

"சும்மா காட்டக்கூடாதும்மா. அர்த்தம் எழுது பாப்போம்."

'பெருந்தன்மை' என்று எழுதிக் கொடுத்தேன். சார் அதைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது இவளுக்கே தெரிஞ்சிருக்கு. அப்ப ஊரே இதைப் பேசிட்டிருக்கு போல. நான்தான் வெளியவே போறதில்ல."

தான் வைத்திருந்த ஐந்து புள்ளிகளில் நான்கை அடித்தார். 'யுபிக்விட்டஸ்', எங்கும் நிறைந்த. ஒன்று. 'எஃபெமரல்', கணநேரமே நிற்கிற. ஒன்று. எனக்குத் தெரிந்ததை எல்லாம் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்குக் காட்டினேன். காட்டிய ஒவ்வொன்றும் அந்த நிமிடமே சுலபமாகிப் போனது. இரவு சாப்பிடும்போது காரணமே இல்லாமல் சிரித்தேன். "என்னடி பூனை, பாலைக் கவுத்துட்டியா?" என்று அக்காவும் சிரித்தாள்.

மேலே தூக்கியவை இருநூற்றுப் பதினான்கு. கீழே இறக்கியவை நூற்றுத் தொண்ணூறு. முழுப் பட்டியல் பதினான்காம் குறிப்பேட்டில் இருக்கிறது, தருகிறேன்.

பெட்டி வந்ததும் முதல் நாளே வாங்கினோம். அக்கா அட்டைகளைத் தரையில் பரப்பி, நான்கு புள்ளி, ஐந்து புள்ளி எல்லாவற்றையும் பிரித்து ரப்பர் பாண்டு போட்டாள். எங்கள் பீரோவுக்கு ஒரு கால் குட்டை, திறந்தால் ஆடும். அந்த அட்டைக் கட்டை அதற்கு முட்டாக வைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. அன்று முதல் பீரோ ஆடவில்லை.

அடுத்த மாதங்கள் எங்கள் வீடு ஒரே கூத்து. அக்கா இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டே சொற்களை மனப்பாடம் செய்தாள். "கண்டக்டர் நமக்காக பஸ்ஸ நிறுத்தினாரு பாத்தியா, மேக்னானிமஸ்" என்பாள். "கொசுடி, யுபிக்விட்டஸ்" என்று கன்னத்தில் அறைந்துகொள்வாள். கீழே சைக்கிள் கடைக்காரர் மேலே அண்ணாந்து, "என்னம்மா, யாரைத் திட்டுற?" என்று கேட்டார். "திட்டலண்ணே, ஒரு புள்ளிதான்" என்றாள் அக்கா. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உருண்டேன்.

"நான் இவ்ளோ புத்திசாலின்னு எனக்கே தெரியாதுடி" என்று ஒருநாள் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு யார் கொடுத்தது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேர்காணலுக்கு நானும் போனேன். ஏஜென்சி மாடியில் இருந்தது. கதவு முழுதாகச் சாத்தாது, அதன் இடுக்கு வழியே எனக்குக் கணினித் திரை தெரிந்தது. திரையில் வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள், அன்பான முகம். நீங்கள் கவனிக்கும் பெரியவரால் 'ஸ்வாலோ' செய்ய முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மெதுவாக, இரண்டு தடவை.

உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே பெஞ்சில் என் உதடுகள் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஊட்டுவதை நிறுத்துவேன், நிமிர்த்தி உட்கார வைப்பேன், உடனே செவிலியைக் கூப்பிடுவேன். ஒரு பிழை இல்லை. சத்தமும் இல்லை.

அடுத்து தலைசுற்றல். அதற்கும் மின்விசிறிதான் பதில். கடைசியில் அந்த அம்மாள், பரவாயில்லை, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐ ஆம் மேக்னானிமஸ். மை சிஸ்டர் இஸ் யுபிக்விட்டஸ்" என்றாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே பிடித்துப்போய்ச் சிரித்தார். பிறகு நன்றி சொல்லித் திரையை அணைத்தார்.

அக்கா படியில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் அஞ்சு புள்ளிடி பூனை. ஒண்ணுகூட மூணுக்குக் கீழ கேக்கல. வேணும்னே கேக்கறாங்க. என் மண்டைக்கு மூணு புள்ளிதான்னு கண்டுபிடிச்சுட்டாங்க."

நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். தலை லேசாகிப் பறக்கிற மாதிரி இருந்ததால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். அழும்போதும் அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்த வகுப்பில் மொத்தம் இருபத்தாறு பேர். மூன்று பேர்தான் தேறினார்கள். மற்ற இருபத்து மூன்று வீடுகளிலும் அன்று யாரோ ஒருவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சலவைக் கடையில் அக்கா வேலையை விடப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அங்கே வேறு ஆள் சேர்ந்துவிட்டார். நான் உங்களுக்கு ஒரு சீட்டு எழுதினேன், ஞாபகம் இருக்கும். 'என் அக்காவுக்கு இங்கே வேலை கிடைக்குமா.' நீங்கள் உடனே சரி என்றீர்கள். இப்போது அவள் எனக்குப் பக்கத்து மேசை. என் சார்பில் சித்தியோடு சண்டை போடுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவைத் திறந்து கொடுக்கிறாள். பசை வாடையைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பத்து நாள் முன்பு ஏஜென்சியிலிருந்து வந்த கடிதத்தை எல்லோரையும் நிற்க வைத்து வாசித்தீர்கள். அது தேறிப்போன மூவரில் ஒரு பெண்ணைப் பற்றியது. அவரிடம் நேர்காணலில் படங்களை மட்டும் காட்டிக் கேட்டார்களாம், அது அதிர்ஷ்டம். போன இடத்தில் ஒரு பெரியவருக்கு மதிய உணவு ஊட்டியிருக்கிறார். பெரியவர் விழுங்க முடியாமல் 'ஸ்வாலோ' என்று நான்கு தடவை சொல்லியிருக்கிறார். சாப்பாடு பிடித்துப்போய் இன்னும் கேட்கிறார் என்று நினைத்து இந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடுத்த கரண்டியை வைத்திருக்கிறார். விசாரணையில் அந்தச் சொல் தெரியாதா என்று கேட்டதற்கு, 'அது ஐந்து புள்ளி, எங்களுக்குத் தேவையில்லை என்றார்கள்' என்று நம் அட்டையைக் காட்டினாராம். பெரியவர் பிழைக்கவில்லை என்பது மூன்றாம் பத்தியில் இருந்தது. அதை வாசிக்கும்போது உங்கள் குரல் இறங்கியது.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் அமைதியாக யோசித்துப் பாருங்கள். அக்கா போயிருந்தால், கையில் கரண்டியோடு அங்கே நின்றிருப்பது அவளாக இருந்திருக்கும். அந்தச் சொல் அவளுக்கும் தெரியாது. அவள் எவ்வளவு உடைந்து போயிருப்பாள். அதிலிருந்து அவளைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், அடக்கத்தோடு சொல்கிறேன், நான்தான்.

புள்ளி சாரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டீர்கள். அவர் மேல் தப்பில்லை. நான் காட்டியதை அவர் எழுதினார். தெரிந்தே காட்டினேன், அத்தனையும். இந்தத் தாளைப் பார்த்த பிறகாவது அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். எனக்கு என்ன செய்தாலும் சரி, மேசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

ஒன்றே ஒன்றில் நான் வழக்காட விரும்புகிறேன். புதுப் பதிப்புக்குப் புள்ளிகளை முதலிலிருந்து வைக்க வேண்டும் என்று நேற்று நீங்களே அட்டைகளோடு வந்தீர்கள். இந்த முறை பொய் சொல்லத் தெரியாத முகம் வேண்டும் என்று சொல்லி, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, அக்காவைக் கூப்பிட்டீர்கள். நல்ல தேர்வு. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மூன்றாவது அட்டையே 'ஸ்வாலோ'. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் ஐந்து விரலையும் விரித்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா, இதுவா அஞ்சு?" என்றீர்கள்.

"ஆமாம்மா. நான் விழுந்ததே இதுலதான். ரொம்பக் கஷ்டமான வார்த்தைம்மா இது, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வராது."

நீங்கள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு பென்சிலால் ஐந்து புள்ளி வைத்தீர்கள்.

அப்போது நான் பக்கத்து முக்காலியில் பெட்டி கட்ட நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. முதல் பெட்டிக்கு நான் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். இது அக்கா தானாக, மனதாரச் செய்தது. அவள் கையை நான் தொடக்கூட இல்லை.